பியெரோகி: முட்டையும் பன்றிக்கொழுப்பும் இல்லாமல் வீட்டில் செய்வது எப்படி?

#1 புதுக்குடித்தனம்

வணக்கம். கிராக்கோவுக்கு வந்து குடித்தனம் வைத்த கையோடு ஒரு சாப்பாட்டுச் சிக்கல். நானும் கணவரும் சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. "போலந்தில் உங்களுக்கு என்ன கவலை, பியெரோகி ருஸ்கியே இருக்கிறதே, உள்ளே உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும்தானே" என்று அலுவலகத்தில் ஆளாளுக்குத் தைரியம் சொன்னார்கள். நம்பிப் போய் ஊர் நடுவில் ஓர் உணவகத்தில் உட்கார்ந்தோம். தட்டு வந்தது. கொழுக்கட்டைபோல் பூரணம் வைத்து மடித்து அவித்தவை, அரைநிலா வடிவத்தில் வெள்ளை வெளேரென்று, மேலே பொன்னிறமாக வதங்கிய வெங்காயம். அந்த வெங்காயத்துக்கு நடுவே மிளகு அளவில் பழுப்பாக ஏதோ கிடந்தது. வறுத்த ரொட்டித் துணுக்கு என்றுதான் நினைத்தோம். எதற்கும் இருக்கட்டும் என்று பரிமாறியவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். பன்றிக்கொழுப்பை உருக்கியபின் மிஞ்சும் வறுவலாம். வெங்காயம் வதங்கியதும் அதே கொழுப்பில்தானாம். "உள்ளே இறைச்சி இல்லையே" என்று அவர் எங்களைப் பார்த்து வியந்தார்.

இனி வீட்டில்தான். முட்டை இல்லாமல் மாவு சேருமா? கடையில் மாவுப் பொட்டலத்தின் மேல் 450, 500, 650 என்று எண் போட்டிருக்கிறார்கள், அதில் எது? ட்வாருக் என்ற பாலாடைக்கட்டியில் மூன்று வகை இருக்கிறது, அதில் எது? தண்ணீரில் போட்டதும் வாய் பிளக்காமல் இருக்க என்ன வழி? டிசம்பர் 24 இரவு மாடி வீட்டுப் போலந்துக் குடும்பம் அழைத்திருக்கிறது. ஒரு தட்டு கொண்டுபோக வேண்டும், அதனால்தான் இப்போதே கேட்கிறேன்.

#2 லூப்லின் மருமகள்

நல்வரவு. நான் இந்த நாட்டில் வாழ்க்கைப்பட்டவள், மாமியார் லூப்லின் பக்கத்துக் கிராமம். இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லாவிட்டால் வீட்டில் சோறு கிடைக்காது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். சைவப் பியெரோகி என்று தனியாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. உருளைக்கிழங்கு–ட்வாருக், புளித்த முட்டைக்கோஸ்–காளான், வறுத்த பக்வீட், பருப்பு, கோடையில் பழங்கள்: வீடுகளில் அதிகம் செய்யப்படுவதில் பெரும்பாதி இறைச்சி இல்லாததுதான். இறைச்சி வைத்ததும் உண்டு. அது பெரும்பாலும் சூப்புக்கு வேகவைத்த மாட்டிறைச்சியைத் தீர்க்கும் வழி. ஆபத்து உள்ளே இல்லை, மேலே இருக்கிறது. பரிமாறும்போது ஊற்றும் கொழுப்புக்கு ஓக்ராசா என்று பெயர். அது வெண்ணெயாகவும் இருக்கலாம், ஸ்மாலெட்ஸ் என்ற பன்றிக்கொழுப்பாகவும் இருக்கலாம். நீங்கள் பார்த்த பழுப்புத் துண்டுதான் ஸ்க்வார்கி. வெளியே சாப்பிட்டால் "பெஸ் ஸ்க்வாரெக், ஸ் மாஸ்வெம்" என்று சொல்லுங்கள். ஸ்க்வார்கி வேண்டாம், வெண்ணெயோடு கொடுங்கள் என்று பொருள். வெங்காயத்தை எதில் வதக்கினீர்கள் என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் விட்டால் முன்னால் கேட்டதெல்லாம் வீண்.

பார் ம்லெச்னி என்ற பால் உணவகங்களை முயன்று பாருங்கள். அவற்றுக்கு அரசு கொடுக்கும் மானியம் இறைச்சி இல்லாத உணவுகளுக்குத்தான், எனவே அந்தப் பலகையில் உங்களுக்கு நிறைய இருக்கும். அங்கும் கேட்டுவிட்டு வாங்குங்கள். ருஸ்கியே என்ற பெயர் ரஷ்யாவை நினைவூட்டுவதால், உக்ரைன் போர் மூண்ட 2022-க்குப் பிறகு சில உணவகங்களில் அதை எடுத்துவிட்டு உக்ரைன்ஸ்கியே என்று எழுதியிருப்பார்கள். திகைக்க வேண்டாம், அதே உருளைக்கிழங்கும் ட்வாருக்கும்தான்.

இனிச் செய்முறை. அரைக் கிலோ மாவு, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், கால் லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வெந்நீர். முட்டை வேண்டாம். கரண்டியால் கிளறி, கை பொறுக்கும் சூடு வந்ததும் எட்டுப் பத்து நிமிடம் பிசையுங்கள். கிண்ணத்தைக் கவிழ்த்து மூடி அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். பூரணத்துக்கு முக்கால் கிலோ உருளைக்கிழங்கு, முந்நூறு கிராம் ட்வாருக், இரண்டு பெரிய வெங்காயம், உப்பு, மிளகு. இந்த மிளகு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. ருஸ்கியேவுக்கு உறைப்பே அதுதான். இந்த அளவுக்கு ஐம்பது, ஐம்பத்தைந்து வரும். ட்வாருக்கில் ஹூடே, பூத்வுஸ்தே, த்வுஸ்தே என்று மூன்று. கொழுப்பில்லாதது, பாதிக் கொழுப்பு, முழுக் கொழுப்பு. நடுவில் இருப்பதை வாங்குங்கள். கொழுப்பில்லாதது வாயில் மணல் மாதிரி நெருடும்.

#3 ஓட்டைச்சட்டி

சூப்பர் மார்க்கெட்டில் உறையவைத்த பொட்டலம் அடுக்கடுக்காக இருக்கிறதே. இத்தனை பாடு எதற்கு?

#4 மாவுச்சத்து

பொட்டலத்தைத் திருப்பிப் படித்தால் எதற்கென்று தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி ஒவ்வாமை தரும் 14 வகைப் பொருட்களை மூலப்பொருள் பட்டியலில் தடித்த எழுத்திலோ வேறு விதத்திலோ எடுத்துக்காட்ட வேண்டும். கோதுமை, பால், முட்டை, மீன் எல்லாம் அதில் அடக்கம். பன்றிக்கொழுப்பு அந்தப் பதினான்கில் இல்லை. எனவே தடித்த எழுத்துகளை மட்டும் மேய்ந்துவிட்டுப் பொட்டலத்தைக் கூடையில் போடும் சைவர், முட்டையிலிருந்து தப்பித்து ஸ்மாலெட்ஸில் மாட்டிக்கொள்வார். ஸ்மாலெட்ஸ், போச்செக் (பன்றி வயிற்று இறைச்சி), ஸ்வோனினா (பன்றி முதுகுக்கொழுப்பு), ஸ்க்வார்கி ஆகிய நான்கு சொற்களையும் மெல்லிய எழுத்தில் தேட வேண்டும். சில புளிப்புக் க்ரீம், தயிர் டப்பாக்களில் ஷெலாதினா இருக்கும். அதுவும் விலங்கிலிருந்து எடுப்பதுதான், தடித்த எழுத்தில் வராது.

ட்வாருக்கைப் பொறுத்தவரை பெரும்பாலும் பாலும் பாக்டீரியாக் கலவையும் மட்டுமே. பாலைத் தானாகப் புளிக்கவிட்டு மெல்லச் சூடாக்கி வடிப்பது. கடினப் பாலாடைக்கட்டிகளில்தான் பொட்புஷ்கா என்ற ரென்னெட் (பாலைத் திரிக்க வழக்கமாகக் கன்றின் வயிற்றிலிருந்து எடுப்பது) பற்றிய கேள்வி பெரிதாக எழும்.

மாவு எண்ணைப் பற்றிக் கேட்டார்கள். அது சாம்பல் அளவு. நூறு கிராம் மாவை முழுக்க எரித்தால் எத்தனை மில்லிகிராம் தாதுச் சாம்பல் மிஞ்சும் என்பதன் கணக்கு. 450, 500 என்றால் தவிடு அநேகமாக முழுவதும் நீங்கிய வெள்ளை மாவு. 2000 என்றால் முழுக்கோதுமை. பியெரோகிக்கு 450 அல்லது 500. பெரிய வித்தியாசம் தெரியாது.

வெந்நீர் ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். கொழுக்கட்டை மாவுக்குக் கொதிநீர் ஊற்றுவதன் பாதிக் காரணம் இங்கும் பொருந்தும்: சூட்டில் மாவுச்சத்து வீங்கித் தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. மீதிப் பாதி கோதுமைக்கே உரியது. குளூட்டன் புரதம் சூட்டில் ஓரளவு தளர்ந்துபோவதால், தேய்த்த வட்டம் ரப்பராகச் சுருங்கித் திரும்பாது. குளிர்ந்த நீரில் பிசைந்து முட்டையும் சேர்த்தால் மாவு விறைக்கும். வெந்த பிறகு கடிக்கக் கடிக்க இழுக்கும்.

#5 புதுக்குடித்தனம்

தடித்த எழுத்து விவரத்துக்கு மிக்க நன்றி. நாங்கள் இத்தனை நாள் அப்படித்தான் படித்துக்கொண்டிருந்தோம். ஆனால் எங்கள் அலுவலகத் தோழி முட்டை இல்லாவிட்டால் மாவு கிழியும் என்று அடித்துச் சொல்கிறாள்.

#6 லூப்லின் மருமகள்

இதில் வீட்டுக்கு வீடு கட்சி உண்டு. என் மாமியாருடைய அக்கா ஒரு முட்டை போடுவார். என் மாமியார் போடமாட்டார். இரண்டு பேரும் நாற்பது வயதைத் தாண்டிய பிள்ளைகளை வைத்துக்கொண்டு இன்றும் இதற்காகத் தொலைபேசியில் மோதிக்கொள்கிறார்கள். முட்டை மாவுக்கு உறுதி கொடுக்கும், உண்மைதான். ஆனால் கிழிவதற்குக் காரணம் முட்டை இல்லாதது அல்ல; மாவுக்கு ஓய்வு கொடுக்காதது, அல்லது கை ஒட்டுகிறதே என்று தேய்க்கும்போது மாவை அள்ளி அள்ளித் தூவி உலர்த்திவிடுவது. அரை மணி நேரம் பொறுத்தால் இரண்டு மில்லிமீட்டர் வரைக்கும் கிழியாமல் தேய்க்கலாம். அதற்குக் கீழே போகாதீர்கள், பூரணம் வெளியே தெரியும்.

#7 ஸ்காபரோக்காரன்

வணக்கம் அக்கா, ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். இங்கே போலந்துக்காரரும் உக்ரைன்காரரும் நிறைய. கடையில் கிடைப்பது உருளைக்கிழங்கும் செடார் சீஸும் வைத்தது. வேகவைத்து, வெண்ணெயில் இரண்டு பக்கமும் சிவக்கப் பொரித்து, மேலே புளிப்புக் க்ரீம். எங்கள் வீட்டில் பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் உருளைக்கிழங்கோடு போகும். ஒருவரும் குறை சொன்னதில்லை. ட்வாருக்கைத் தேடி அலைவதைவிட ஒரு துண்டு செடார் வாங்குவது எளிதல்லவா?

#8 லூப்லின் மருமகள்

தம்பி, சாப்பிடுங்கள், யார் தடுத்தார்கள். ட்வாருக் கிடைக்காத ஊரில் குடியேறியவர்கள் கிடைத்த சீஸை வைத்துச் செய்தது அது. அதுவும் ஒரு நியாயமான சாப்பாடு. ஆனால் ருஸ்கியே அல்ல. செடார் உருகி இழுக்கும், உப்பு தூக்கலாக இருக்கும், உருளைக்கிழங்கு காணாமல் போய்விடும். ட்வாருக் உருகாது. வெந்த பிறகும் உதிரியாக நின்று லேசாகப் புளிக்கும். கிழங்கின் மந்தமான இனிப்புக்கு அந்தப் புளிப்புதான் பதில். பச்சை மிளகாயைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை, என் வீட்டிலும் ஒரு டப்பா ஊறுகாய் அடுக்கில் ஒளிந்திருக்கிறது.

பொரிப்பதைப் பற்றி ஒரு சொல். இங்கே முதல் நாள் அவித்ததை அப்படியே, வெங்காயமும் வெண்ணெயும் ஊற்றி, மென்மையாகச் சாப்பிடுவார்கள். பொரிப்பது மறுநாள், மிஞ்சியதை. அந்த மிச்சத்துக்காகவே கூடுதலாகச் செய்பவர்களும் உண்டு. நான் அந்தக் கட்சி.

#9 ஸ்காபரோக்காரன்

அப்படியானால் நாங்கள் முதல் நாளே மறுநாள் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம் போலும். இருக்கட்டும், எங்களுக்கு அவசரம் அதிகம்.

#10 மதுரை அடுப்பு

இழையைப் படித்து ஆசை வந்துவிட்டது. மதுரையில் ட்வாருக்குக்கு எங்கே போவேன்? பன்னீரைத் துருவிப் போட்டால் ஆகாதா?

#11 மாவுச்சத்து

ஆகும், ஆனால் சப்பென்று இருக்கும். பன்னீரைக் கொதிக்கும் பாலில் எலுமிச்சையோ வினிகரோ ஊற்றித் திரிக்கிறோம். அங்கே புளிப்பு மோரோடு வடிந்துபோகிறது. ட்வாருக்கில் பாக்டீரியா பாலுக்குள்ளேயே இருந்து மெதுவாகப் புளிப்பை உண்டாக்குகிறது. அதற்கு மிக நெருக்கமானது உங்கள் வீட்டுத் தயிர். ஒரு லிட்டர் கெட்டித் தயிர், சற்றுப் புளித்ததாக இருந்தால் நல்லது. பாத்திரத்தை வெந்நீர் நிரம்பிய இன்னொரு பாத்திரத்துக்குள் வைத்து, மிகச் சிறிய தீயில் சூடாக்குங்கள். கிளறாதீர்கள். ஓரத்தில் பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் மோர்த்தண்ணீர் பிரிந்து, நடுவில் வெள்ளைக் கட்டி மிதக்கும். விரலை விட்டால் சூடு தாங்க வேண்டும். அதற்கு மேல் போனால் கட்டி ரப்பராகிவிடும். மெல்லிய துணியில் வடித்து, மேலே ஒரு கனத்தை வைத்துச் சில மணி நேரம் விடுங்கள். வடிந்த தண்ணீரை ரசத்துக்கோ சப்பாத்தி மாவுக்கோ வைத்துக்கொள்ளலாம்.

அவசரமென்றால் பன்னீரை உதிர்த்து இரண்டு கரண்டி வடிகட்டிய தயிர் கலந்து கொள்ளுங்கள். ரிக்கோட்டா வேண்டாம், தண்ணீர் அதிகம்.

#12 மதுரை அடுப்பு

நன்றி ஐயா. கோதுமை மாவில் செய்யலாமா? வீட்டில் மைதா என்றால் முகம் சுளிக்கிறார்கள்.

#13 மாவுச்சத்து

முழுக்க ஆட்டாவில் செய்தால் மடிப்பில் விரிசல் விடும். தவிட்டுத் துகள் மாவைக் கீறும். மூன்றில் ஒரு பங்கு ஆட்டா, மீதி மைதா. தண்ணீர் சற்றுக் கூடுதலாகக் கேட்கும், ஓய்வும் கூடுதலாகக் கேட்கும். முகச்சுளிப்புக்கு என்னிடம் மருந்து இல்லை.

#14 புதுக்குடித்தனம்

நேற்று ஒத்திகை பார்த்தோம். மாவு அழகாக வந்தது. ஆனால் சில மட்டும் தண்ணீரில் வாய் பிளந்து, பானை முழுக்க உருளைக்கிழங்குக் கஞ்சி. மற்றவை ஒன்றும் ஆகவில்லை. ஒரே மாவு, ஒரே பூரணம், பிறகு ஏன் இந்த ஓரவஞ்சனை?

#15 லூப்லின் மருமகள்

பிளந்தவை எல்லாம் கடைசியில் மடித்தவையா என்று நினைவிருக்கிறதா? வழக்கமாக அப்படித்தான் நடக்கும். வட்டங்களை எல்லாம் வெட்டிப் பரப்பிவிட்டு மடிக்க உட்கார்ந்தால், கடைசி வட்டங்களின் ஓரம் காய்ந்திருக்கும். காய்ந்த ஓரம் ஒட்டியதுபோல் நடிக்கும், வெந்நீரில் குட்டு வெளிப்படும். மாவை மூன்று பங்காக்குங்கள். ஒரு பங்கைத் தேய்த்து, வெட்டி, மடித்து முடித்துவிட்டு அடுத்ததைக் கிண்ணத்துக்கு அடியிலிருந்து எடுங்கள். ஏழெட்டு சென்டிமீட்டர் வாயுள்ள தம்ளரால் வெட்டினால் போதும்.

இரண்டாவது, ஓரத்தில் பூரணத்தின் பசை படவே கூடாது. கொழுப்புப் பட்ட இடம் ஒட்டாது. பூரணத்தை முன்கூட்டியே நெல்லிக்காய் அளவு உருண்டையாக உருட்டி வைத்துக்கொண்டால் கரண்டியோடு மல்லுக்கட்ட வேண்டாம், விரலிலும் பசை ஏறாது. வட்டத்தை உள்ளங்கையில் வைத்து, உருண்டையை நடுவில் வைத்து, முதலில் நடு உச்சியைக் கிள்ளுங்கள். பிறகு இரண்டு பக்கமும் காற்றை வெளியே தள்ளிக்கொண்டே கிள்ளி வாருங்கள். உள்ளே மாட்டிய காற்று கொதிநீரில் விரிந்து மடிப்பைத் திறந்துவிடும். ஒரு சுற்றுக் கிள்ளியபின் இன்னொரு முறை. ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி மடிக்கும் ஃபல்பான்கா அழகுக்கு மட்டுமல்ல, இரட்டைப் பூட்டு. ஆனால் அது தடிமனாகி வேகாமல் நிற்கும் அபாயமும் உண்டு, எனவே முதலில் கிள்ளிப் பழகுங்கள்.

மூன்றாவது, பூரணம் ஈரமா? எந்த உருளைக்கிழங்கு?

#16 புதுக்குடித்தனம்

கடைசியில் மடித்தவைதான்! கிழங்கு ஏதோ புதியது, மெல்லிய தோல், சின்னதாக இருந்தது. வேகவைத்து மிக்ஸியில் ஒரு சுற்றுவிட்டேன்.

#17 மாவுச்சத்து

மிக்ஸியா! அதன் கத்தி கிழங்கின் அணுக்களைக் கிழித்து மாவுச்சத்தை வெளியே கொட்டிவிடும். கிடைப்பது பசை, பூரணம் அல்ல. சுவரொட்டி ஒட்டலாம்.

இங்கே கிழங்குப் பைகளில் ஏ, பி, சி என்று எழுதியிருப்பார்கள். ஏ சாலடுக்கு, வெந்தாலும் கட்டியாக நிற்கும். சி மாவுபோல உதிரும். சி அல்லது பி–சி வாங்குங்கள். புதுக்கிழங்கு கூடவே கூடாது, அதில் நீர் அதிகம், மாவுச்சத்து குறைவு. வெந்ததும் தண்ணீரை வடித்துவிட்டு, வெறும் பாத்திரத்தை மறுபடியும் சிறு தீயில் வைத்துக் குலுக்குங்கள். ஓரங்களில் வெள்ளைப் பொடி பூத்ததுபோல் ஆனால் ஈரம் போய்விட்டது என்று பொருள். சூட்டோடு இடியாப்ப அச்சில் போட்டுப் பிழியுங்கள். இந்த நாட்டுக் கடைகளில் இதற்கென்று விற்கும் கருவியும் அதே வேலையைத்தான் செய்கிறது, விலைதான் அதிகம். முழுக்க ஆறிய பிறகே ட்வாருக்கைச் சேருங்கள். சூட்டோடு சேர்த்தால் அது மோரைக் கக்கும்.

#18 லூப்லின் மருமகள்

இடியாப்ப அச்சு! என் மாமியார் அதை முதலில் பார்த்தபோது ஏளனம் செய்தார். இப்போது அது அவர் வீட்டில் இருக்கிறது, திரும்பி வரவில்லை.

அவிக்கும் விதம்: பெரிய பாத்திரம், நிறையத் தண்ணீர், நன்றாக உப்பு, ஒரு கரண்டி எண்ணெய். ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் வேண்டாம். போட்டவுடன் மரக்கரண்டியால் அடியை ஒரு முறை மெல்லத் தள்ளிவிடுங்கள், இல்லையென்றால் பாத்திரத்தோடு ஒட்டிக்கொள்ளும். மிதந்து மேலே வந்தபின் இரண்டு மூன்று நிமிடம். தண்ணீர் தளபுளவென்று குதிக்கக் கூடாது, புரண்டுகொண்டிருந்தால் போதும். ஜல்லிக்கரண்டியால் அள்ளி, உருக்கிய வெண்ணெய் தடவிய தட்டில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள்.

வெங்காயத்துக்கு மாஸ்வோ க்லாரோவானே வாங்குங்கள். கடையில் அந்தப் பெயரில் விற்பது நெய்தான். சின்னச் சதுரமாக நறுக்கிய வெங்காயத்தைச் சிட்டிகை உப்போடு மெல்லிய தீயில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் வதக்குங்கள். பாதியைப் பூரணத்தில் கலந்துவிட்டு, மீதியை இன்னும் சிவக்கவிட்டு மேலே போடுங்கள். நெய்யில் வதங்கிய அந்த வெங்காயம் இருந்தால் ஸ்க்வார்கியை யாரும் தேடமாட்டார்கள். இது என் கணவரின் வாக்குமூலம், அவர் சைவரல்ல.

#19 தாவர உணவன்

வார்சாவிலிருந்து ஒரு வீகன். பாலும் வெண்ணெயும் என்று நூல் நூற்றுக்கொண்டே போகிறீர்களே, எங்களுக்கு?

#20 லூப்லின் மருமகள்

உங்களுக்குத்தான் பண்டிகைச் சாப்பாடே இருக்கிறது. புதுக்குடித்தனத்துக்கும் 24-ஆம் தேதிக்கு இதுதான் பொருத்தம், கவனியுங்கள்.

அந்த இரவுக்கு விகிலியா என்று பெயர். முதல் நட்சத்திரம் தெரிந்தபிறகு உட்கார்வார்கள், பன்னிரண்டு வகை வைப்பது மரபு, இறைச்சி கிடையாது. பழைய நாளில் அன்று பாலும் வெண்ணெயும்கூட விலக்கு, எண்ணெய்தான். அந்தக் காலத்திலிருந்து வருவது கபுஸ்தா கிஷோனா என்ற புளித்த முட்டைக்கோஸும் காய்ந்த காளானும் வைத்த பியெரோகி. வீகன் என்ற சொல் பிறப்பதற்கு முன்பே வீகன்.

அரைக் கிலோ புளித்த முட்டைக்கோஸ், நாற்பது ஐம்பது கிராம் காய்ந்த காட்டுக் காளான். காளானில் போரோவிக் உயர்ந்தது, விலையும் உயர்ந்தது. பொட்க்ஷிபெக் கலந்து வாங்கினால் பர்ஸ் பிழைக்கும். கிராக்கோவில் ஸ்தாரி க்லெபாஷ் சந்தைக்குப் போங்கள், நூலில் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். வெள்ளை பட்டன் காளான் இதற்கு உதவாது, அதில் இந்த மணம் இல்லை. காட்டுக்குப் போய் நீங்களே பறிக்கும் ஆசையும் வேண்டாம். இங்கே எல்லோரும் கூடையோடு போவார்கள், பாட்டன் காலத்திலிருந்து பழகிய கண் அது. ஒரே ஒரு நச்சுக்காளான் கல்லீரலைத் தீர்த்துவிடும்.

காளானை இரவே ஊறவைத்து, மறுநாள் ஊறிய நீரிலேயே அரை மணி நேரம் வேகவையுங்கள். அந்தக் கறுத்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். வண்டல் இறங்கவிட்டு மேலாக வடித்து வைத்துக்கொள்ளுங்கள். முட்டைக்கோஸைத் தனியாகப் பிரிஞ்சி இலையோடு முக்கால் மணி நேரம் வேகவையுங்கள். முதலில் ஒரு வாய் தின்று பாருங்கள். புளிப்பு பல்லைக் கூச வைத்தால் ஒரு முறை அலசுங்கள், அதற்கு மேல் அலசினால் வெறும் நார். பிறகு இரண்டையும் துணியில் போட்டு முறுக்கிப் பிழிய வேண்டும். கை வலிக்கும்வரை பிழிந்து, போதும் என்று தோன்றும்போது இன்னொரு முறை. பொடியாக நறுக்கி, எண்ணெயில் வதக்கிய வெங்காயத்தோடு சேர்த்து, ஈரம் முழுவதும் வற்றும்வரை அடுப்பில் கிளறுங்கள். மிளகு நிறைய, உப்பு அநேகமாக வேண்டியிருக்காது.

#21 புதுக்குடித்தனம்

இறைச்சி இல்லை என்றால் அன்று மேசையில் எல்லாம் நாங்கள் சாப்பிடலாமா?

#22 லூப்லின் மருமகள்

இல்லை! நல்ல கேள்வி. இங்கே 'இறைச்சி இல்லாதது' என்பதில் மீன் வரும். அன்று கெண்டை வகை மீனும் ஊறவைத்த ஹெர்ரிங்கும் கட்டாயம். சிவப்புப் பீட்ரூட் சூப்பான பார்ஷ்ச் வரும், அதில் உஷ்கா என்று விரல் நுனி அளவில் காளான் வைத்த குட்டிகள் மிதக்கும். விகிலியா பார்ஷ்ச் காய்கறி, காளான் சாற்றில் செய்வது, பெரும்பாலும் கவலையில்லை. மற்ற நாட்களில் அதே சூப்பு இறைச்சிச் சாற்றில் இருக்கும். மாடி வீட்டு அம்மாவிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், கோபித்துக்கொள்ளமாட்டார். வருமுன் சொல்லாமல் மேசையில் உட்கார்ந்து தட்டை ஒதுக்கினால்தான் வருத்தப்படுவார்.

#23 தாவர உணவன்

மிக்க நன்றி அக்கா. என் பங்குக்கு ஒன்று: ருஸ்கியே வேண்டுமென்றால் டோஃபுவை நன்றாகப் பிழிந்து உதிர்த்து, கபுஸ்தா கிஷோனாவின் புளித்தண்ணீர் இரண்டு கரண்டியும் உப்பும் கலந்து ஒரு மணி நேரம் வைத்தால் ட்வாருக்கின் புளிப்பு ஏறக்குறைய வந்துவிடும். எலுமிச்சையைவிட இது பொருந்துகிறது. பழுப்புப் பருப்பை வேகவைத்து வெங்காயம், மார்ஜோரம் சேர்த்து வைப்பதும் கிழக்குப் பக்கங்களில் வழக்கம். அதற்கு மாற்றே வேண்டாம்.

#24 ஓட்டைச்சட்டி

லூப்லின் மருமகள் லூப்லின் வகையை மட்டும் மறைத்துக்கொண்டிருக்கிறார் என்பதைக் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

#25 லூப்லின் மருமகள்

உங்களை யாரும் ஏமாற்ற முடியாது. எங்கள் பக்கத்தில் காஷா க்ரிச்சானாவும் ட்வாருக்கும் வைப்பார்கள். அது பக்வீட் என்ற முக்கோண மணி. பெயரில்தான் கோதுமை, இனம் வேறு. வறுத்தது, வறுக்காதது இரண்டும் விற்கும். வறுத்தது வாங்கினால் நிலக்கடலைத் தோல் கருகிய மணம் வரும், அதுதான் வேண்டும். ஒரு பங்குக்கு இரண்டு பங்கு நீர் விட்டு உதிரியாக வேகவைத்து, ஆறவிட்டு, அதே எடை ட்வாருக்கும் ஒரு கைப்பிடி காய்ந்த புதினாவும் சேர்க்க வேண்டும். புதினா என்றதும் சட்னி நினைவு வந்து பச்சையாக அரைத்துப் போடாதீர்கள். உள்ளங்கையில் கசக்கி உதிர்த்தால் போதும். புளிப்புக் க்ரீமோடு சாப்பிடுவது. 18 சதவீதக் கொழுப்புள்ள டப்பா. என்னைக் கேட்டால் ருஸ்கியேவைவிட இதற்குத்தான் முதலிடம். கிராக்கோவ்காரர்கள் சண்டைக்கு வரலாம்.

#26 மதுரை அடுப்பு

இனிப்பாகவும் உண்டு என்றார்களே?

#27 லூப்லின் மருமகள்

ஜூலையில் யகோடி வரும். காட்டில் விளையும் சிறிய கருநீலப் பழம். தின்றால் பல்லும் நாக்கும் ஊதாவாகும். ஆண்டு முழுவதும் கடையில் இருக்கும் பெரிய புளூபெர்ரி வேறு, உள்ளே வெளிறியிருக்கும். பழத்தோடு சர்க்கரையை உள்ளே வைக்கக் கூடாது. சர்க்கரை சாற்றை இழுத்துவிடும், மடிப்பு நனைந்து திறக்கும். பழத்தில் அரைக் கரண்டி உருளைக்கிழங்கு மாவு பிரட்டி வைத்து, சர்க்கரையும் க்ரீமும் வெந்தபின் மேலே. இதை இங்கே மதியச் சாப்பாடாகவே சாப்பிடுவார்கள், பின்னால் வரும் இனிப்பாக அல்ல. எனக்கு அது பழகவே பல கோடை ஆனது.

#28 புதுக்குடித்தனம்

முட்டைக்கோஸ்–காளான் என்று முடிவாகிவிட்டது. மாடி வீட்டு அம்மாவிடமும் பேசினேன். மீன் ஒரு கோடியிலும் நாங்கள் மறு கோடியிலும் உட்காரலாம் என்று சிரித்தார். இப்போதே செய்து உறையவைத்துவிடலாமா? அன்று காலை அடுப்படியில் நிற்க மனமில்லை. இந்த ஆண்டு அன்று விடுமுறை வேறு.

#29 மாவுச்சத்து

2025 முதல் டிசம்பர் 24 சட்டப்படி விடுமுறை, ஆம். கடைகளும் இருக்காது, முன்னாலேயே வாங்கிவிடுங்கள்.

உறையவைக்க இரண்டு வழி. பச்சையாக மாவு தூவிய தட்டில் தனித்தனியாகப் பரப்பிக் கல்லாக இறுகியபின் பையில் போடலாம். நாள் கடந்தால் ஓரம் வெடிக்கும். அதைவிட, மிதந்து மேலே வந்தவுடன் எடுத்து, எண்ணெய் தடவி, முழுக்க ஆறவிட்டு உறையவைப்பது பாதுகாப்பு. சாப்பிடும் அன்று உருகவிடாமல் நேராகக் கொதிநீரில் போடுங்கள். உருகவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், பிரிக்கப் போனால் கிழியும்.

#30 புதுக்குடித்தனம்

இரண்டாவது வழியிலேயே செய்து உறைபெட்டியில் வைத்தாகிவிட்டது. ஒன்றுகூடப் பிளக்கவில்லை. வட்டம் வெட்டியபின் மிஞ்சிய மாவுத் துண்டுகள் ஒரு கிண்ணம் இருக்கின்றன, கொஞ்சம் பூரணமும் மீதி. மறுபடி பிசைந்து தேய்த்தால் விறைத்துப்போகிறது. தூக்கிப்போட மனம் வரவில்லை.

#31 லூப்லின் மருமகள்

தூக்கிப்போடாதீர்கள், அது இன்றைய இரவுச் சாப்பாடு. துண்டுகளை ஒரு முறை மட்டும் சேர்த்துத் தேய்த்து, தபால்தலை அளவு சதுரங்களாக வெட்டுங்கள். வடிவம் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. உப்பு நீரில் இரண்டு நிமிடம் அவித்து வடித்து, மீதிப் பூரணத்தோடு வாணலியில் பிரட்டி, நெய்யும் மிளகும் தாராளமாகச் சேருங்கள். இதற்கு வஸான்கி என்று பெயர், தனியாகவே செய்து சாப்பிடும் பண்டம். காளான் வேகவைத்த கறுப்பு நீரை வைத்திருக்கிறீர்கள் அல்லவா? பிரட்டும்போது அதில் இரண்டு கரண்டி ஊற்றுங்கள்.